கோடு முதலில், பாண்ட் கடைசியில்: மேம்பாட்டு மண்டலம் அமைத்துப் பொதுவேலை முடிப்பது எப்படி

தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும், நடைபாதை வேண்டும், விளக்கு வேண்டும். உள்ளாட்சியைக் கேட்டால் இந்த வருஷம் நிதி இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். அடுத்த வருஷமும் அதே பதில்தான். காத்துக்கொண்டே இருக்கலாம், அல்லது வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து அரைகுறையாக ஏதாவது செய்துகொள்ளலாம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்: வேலையால் பலன் அடையப்போகிற மனைகளைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதை ஒரு மேம்பாட்டு மண்டலம் என்று சட்டப்படி அறிவிக்க வைத்து, கடன் பத்திரம் (பேச்சில் எல்லோரும் பாண்ட் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்) விற்று வேலையை இப்போதே முடித்துவிட்டு, அந்தக் கடனை மனைக்காரர்கள் பத்து, பதினைந்து, இருபது வருஷத் தவணையாக அடைப்பது.

இது புது யோசனை கிடையாது. 1666ல் லண்டன் எரிந்த பிறகு, மறுவருஷம் வந்த மறுகட்டுமானச் சட்டத்திலேயே பலன் பெறுபவர்களிடம் செலவைப் பங்கு போடும் ஏற்பாடு இருந்தது. அதைப் பார்த்து 1691ல் நியூயார்க் மாகாணமும் ஒரு சட்டம் போட்டது. பிறகு அமெரிக்க நகரங்களின் தெருக்களும் சாக்கடைகளும் பெருமளவு இப்படித்தான் வந்தன. கொலம்பியாவில் 1921 முதல் இதே மாதிரி ஒரு கட்டணம் உண்டு, அங்கே பெரிய சாலைகளையே இதில் போட்டிருக்கிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கிற அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தையும் கலிபோர்னியாவையும் நான் அடிக்கடி உதாரணமாக எடுப்பேன். உங்கள் ஊர்ச் சட்டத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் பாண்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். வட்டி எவ்வளவு, யார் வாங்குவார்கள், ரேட்டிங் (கடன் திரும்பி வரும் என்பதற்கான தரமதிப்பீடு) வேண்டுமா. அது கடைசியில் வருகிற விஷயம், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், சம்பளம் கொடுத்தால் செய்து கொடுப்பார்கள். திட்டம் உடைவது எப்போதும் அதற்கு முன்னால், கோடு போடுகிற இடத்திலும் பங்கு பிரிக்கிற இடத்திலும்தான். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

எந்த வேலைக்கு ஒத்துவரும்

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வேலை முடிந்தால் ஊருக்கே கிடைக்கிற பலனைத் தவிர, இந்தக் கோட்டுக்குள் இருக்கிற மனைக்கென்று தனியாக ஏதாவது கூடுகிறதா? சாக்கடை இணைப்பு, குடிநீர்க் குழாய், மண் சாலையைத் தார் சாலையாக்குவது, நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோவது, இவை ஒத்துவரும். தீயணைப்பு நிலையம், நூலகம், மேம்பாலம் ஒத்துவராது, அவற்றின் பலன் ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது.

நடுவில் சில வேலைகள் மாட்டும். உங்கள் தெரு ஊரின் முக்கியச் சாலையாகவும் இருந்து, நாள் முழுக்க வெளியூர் வண்டி ஓடுகிறது என்றால், அகலப்படுத்தும் செலவு முழுவதையும் இரண்டு பக்க வீட்டுக்காரர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. பொதுப் பலனுக்கான பங்கை உள்ளாட்சி கொடுக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1996ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவு இதைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டது: பொதுப் பலனையும் தனிப் பலனையும் பொறியாளர் பிரித்துக் காட்ட வேண்டும், தனிப் பலனுக்கு மட்டும்தான் மனைக்காரரிடம் கேட்கலாம். உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும், அந்தப் பிரிவினையைச் செய்துவிட்டு உள்ளாட்சியிடம் போய் உட்காருங்கள். பேரம் பேச உங்களிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான்.

இன்னொன்று, போடுகிற பொருளின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீளக்கூடாது. எட்டு வருஷத்தில் பெயர்ந்துபோகிற சாலை மேல்பூச்சுக்கு இருபது வருஷப் பாண்ட் போட்டால், இல்லாத சாலைக்குப் பன்னிரண்டு வருஷம் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கோடு போடுவது

வரைபடத்தை விரித்து வைத்துப் பென்சிலால் கோடு போடுவது சுலபமாகத்தான் தெரியும். ஆனால் அப்போதே ஒரு ஆசை வரும்: சம்மதிக்கிறவர்களின் மனைகளை உள்ளே இழுத்து, தகராறு செய்கிறவரை வெளியே தள்ளிவிட்டால் காரியம் சீக்கிரம் முடியுமே என்று. அப்படிச் செய்யவே கூடாது. வெளியே நிற்பவருக்கும் அதே குழாயில் இணைப்பு கிடைத்தால் உள்ளே இருக்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள், நீதிமன்றமும் விடாது. பலன் வந்தால் எதிர்ப்பவரும் உள்ளேதான், பலன் வராவிட்டால் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவரும் வெளியேதான். அந்த வரைபடத்தைப் பார்க்கிற வெளியாள் ஒருவர், கோடு ஏன் இங்கே வளைகிறது என்று கேட்டால், குழாயின் சரிவையோ நீர் ஓடும் திசையையோ காட்டிப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

தகராறு வருகிற மனைகள் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். மூலை மனை இரண்டு தெருவைத் தொடும், அதற்கு இரண்டு தரம் கட்டணமா? ஏற்கெனவே சொந்தச் செலவில் இணைப்பு எடுத்துக்கொண்டவர் இருப்பார். காலி மனைக்காரர், எனக்கு வீடே இல்லை, சாக்கடை எதற்கு என்பார். பின்மனைக்குச் சந்து வழிதான் இருக்கும். அப்புறம் அரசு நிலம், பள்ளிக்கூடம், வழிபாட்டுத்தலம். பல இடங்களில் இவற்றுக்குச் சொத்துவரி கிடையாது, ஆனால் இந்தக் கட்டணம் வரி இல்லை, பலனுக்கான விலை, அதனால் விலக்கு தானாக வந்துவிடாது. கலிபோர்னியாவின் 1996 விதியில், பலன் இல்லை என்று நிரூபித்தால் தவிர அரசு மனைகளும் பங்கு கொடுத்தே ஆகவேண்டும். சட்டப்படி ஒரு மனையிடம் வாங்க முடியாது என்றால் அதன் பங்கை உள்ளாட்சியே ஏற்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது மற்ற மனைகளின் மீது சத்தமில்லாமல் ஏறிவிடும்.

கோட்டுக்குள் வந்த ஒவ்வொரு மனைக்கும் சர்வே எண், பரப்பு, முகப்பு (தெருவைத் தொடும் பக்கம்) நீளம், பதிவேட்டில் உள்ள சொந்தக்காரர் பெயர், உண்மையில் அனுபவிப்பவர் பெயர் எல்லாம் ஒரு பட்டியலில் வேண்டும். அலுப்பான வேலை, நிறைய நாள் இழுக்கும். இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கும் மனை, பாகம் பிரிக்காமல் பிள்ளைகள் நான்கு பேர் அனுபவிக்கும் மனை, வெளிநாட்டில் இருக்கிறவருடைய மனை எல்லாம் வரும். யார் கையெழுத்து செல்லும் என்று இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது இந்தப் பட்டியலில்தான்.

பங்கு பிரிப்பது

செலவைப் பிரிக்க வழக்கத்தில் உள்ள வழிகள் சில. முகப்பு அடிக்கு இவ்வளவு என்பது மிகப் பழையது. சதுர அடிக்கு இவ்வளவு என்பது ஒன்று. மனைக்கு, அல்லது குடியிருப்புக்கு இவ்வளவு என்பது இன்னொன்று. தெருவிலிருந்து தூரம் கூடக் கூட விகிதத்தைக் குறைத்துக்கொண்டே போகிற பட்டை முறை வாஷிங்டன் மாநிலச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

எல்லாம் ஒன்றுதானே, எதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 40 மனைகள், மொத்த முகப்பு 2,000 அடி, மொத்தப் பரப்பு 2,00,000 சதுர அடி, செலவு 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனை ஒடுக்கமாக, ஆழமாக இருக்கிறது: முகப்பு 25 அடி, பரப்பு 5,000 சதுர அடி. இன்னொன்று அகலமாக, ஆழமில்லாமல் இருக்கிறது: முகப்பு 100 அடி, பரப்பு 4,000. முகப்பு முறையில் ஒடுக்கமான மனைக்கு 1,25,000, அகல மனைக்கு 5,00,000. பரப்பு முறையில் முன்னதற்கு 2,50,000, பின்னதற்கு 2,00,000. மனைக்குச் சமம் என்றால் இரண்டுக்குமே 2,50,000. அதே தெரு, அதே வேலை, ஆனால் அகல மனைக்காரர் 2 லட்சமும் கட்டலாம், 5 லட்சமும் கட்டலாம், எல்லாம் பேப்பரில் எந்த முறையை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. இதை மறைத்து ஒரு முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பொறியாளர் சொன்னார் என்று கை கழுவினால் அந்த மனைக்காரர் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டார்.

எனக்குச் சரியாகப் படுவது இது: எதனால் செலவு கூடுகிறதோ அதை வைத்துப் பிரிப்பது. நடைபாதை நீளத்தால் செலவாகிறது, அதனால் முகப்பு. மழைநீர் வடிகால் ஓடிவரும் நீரால் செலவாகிறது, அதனால் பரப்பு, முடிந்தால் சிமெண்ட் போட்டு மூடிய பரப்பு. சாக்கடைக்குக் குடியிருப்பு எண்ணிக்கை, கழிவுநீர் வருவது வீட்டிலிருந்துதான். அடுக்கு வீட்டில் எட்டுக் குடும்பம் இருந்தால் எட்டுப் பங்கு, காலி மனைக்கு அதில் சட்டப்படி எத்தனை வீடு கட்டலாமோ அத்தனை. ஒரே திட்டத்தில் பல வேலை இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கூட்டுங்கள். தார் சாலை மாதிரி இரண்டும் கலந்த வேலைக்குப் பாதியை முகப்பிலும் பாதியைப் பரப்பிலும் போட்டால், மேலே சொன்ன ஒடுக்கமான மனைக்கு 1,87,500, அகல மனைக்கு 3,50,000. இரண்டு பேருமே கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், ஆனால் இரண்டு பேராலும் வாழ முடியும்.

எந்த முறையானாலும் ஒரு உச்சவரம்பு இருக்கிறது: ஒரு மனையின் பங்கு, வேலையால் அந்த மனைக்குக் கூடும் மதிப்பைத் தாண்டக்கூடாது. இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. ஒஹையோ மாநிலத்தின் நார்வுட் என்ற சிற்றூரில், பேக்கர் என்ற பெண்மணியின் நிலத்தை எடுத்து அதன் குறுக்கே ஒரு தெரு திறந்தார்கள். அவருக்கு இழப்பீடும் கொடுத்தார்கள். பிறகு அந்த இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் சேர்த்து, தெருவால் பலன் அடைந்தவர் என்று அவருடைய மீதி நிலத்தின் மீதே கட்டணமாகப் போட்டார்கள்! இடது கையால் கொடுத்ததை வலது கையால் கூடுதலாகவே பிடுங்கிக்கொண்டார்கள். 1898ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது: தனிப் பலனைவிடக் கணிசமாக அதிகமாக வசூலித்தால், அந்த மிகுதி இழப்பீடு தராமல் சொத்தைப் பறிப்பதற்குச் சமம். இன்றும் அந்த நாட்டில் இந்த வகைக் கட்டணத்தை எதிர்ப்பவர்கள் போய் நிற்கும் இடம் இதுதான். அதனால் நீங்களே முன்கூட்டி ஒரு நில மதிப்பீட்டாளரை வைத்து, வேலைக்கு முன் மதிப்பு, பின் மதிப்பு என்று மாதிரி மனைகளுக்காவது போட்டுப் பாருங்கள். மதிப்புக் கூடுவது 2 லட்சம், பங்கு 3 லட்சம் என்று வந்தால் அந்தத் திட்டத்தை மூடி வைப்பது நல்லது, அல்லது மீதிக்கு உள்ளாட்சியின் மானியம் தேட வேண்டும்.

1 கோடி, 1 கோடியில் நிற்காது

டெண்டர் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு தெருவில் போய்ப் பேசாதீர்கள். காண்ட்ராக்டருக்கு 100 லட்சம் என்றால், எதிர்பாராததற்கு 10, வடிவமைப்புக்கும் மேற்பார்வைக்கும் 12, வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், நிதி ஆலோசகர், பத்திர வெளியீட்டுச் செலவு என்று 5, வேலை நடக்கும்போது வாங்கும் இடைக்காலக் கடனுக்கு வட்டி 6 என்று போட்டால் 133 லட்சம். அதன் மேல், பாண்ட் வாங்குகிறவர்கள் பாதுகாப்புக்கு ஒரு இருப்பு நிதி கேட்பார்கள், பத்திரத் தொகையில் பத்தில் ஒரு பங்கு என்பது சாதாரணம். 133 லட்சம் கையில் மிஞ்ச வேண்டுமானால் ஏறக்குறைய 148 லட்சத்துக்குப் பத்திரம் விற்க வேண்டும். இந்தச் சதவீதங்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, உங்கள் ஊரில் மாறும். ஆனால் வேலைத் தொகைக்கும் பத்திரத் தொகைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும் என்பது மாறாது. 1,87,500 என்று சொல்லியிருந்த பங்கு இப்போது 2,77,000ஐத் தொட்டுவிட்டது. இருப்பு நிதி எங்கும் போய்விடாது, யாரும் தவணை தவறவில்லை என்றால் கடைசித் தவணைகளைக் கட்ட அதுவே உதவும், ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

கையெழுத்து, கூட்டம், ஆட்சேபணை

மண்டலம் பிறக்க இரண்டு வாசல். சொந்தக்காரர்களே மனு கொடுப்பது ஒன்று, உள்ளாட்சி மன்றமே தீர்மானம் போடுவது இன்னொன்று. வாஷிங்டனில் மனு என்றால் பரப்பில் பாதிக்கு மேல் சொந்தமானவர்கள் கையெழுத்திட வேண்டும். மன்றமே தொடங்கியது என்றால், செலவில் 60 சதவீதமோ அதற்கு மேலோ சுமக்கப்போகிறவர்கள் 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால் திட்டம் விழுந்துவிடும். கலிபோர்னியாவில் ஒவ்வொரு மனைக்காரருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு போகிறது. கட்டப்போகிற தொகைக்கு ஏற்ப வாக்குக்கு எடை, திரும்பி வந்த சீட்டுகளில் எதிர்ப்பின் எடை கூடினால் அத்தோடு முடிந்தது.

அதே மாநிலத்தில் 1982ல் வந்த மெல்லோ-ரூஸ் சட்டம் வேறு மாதிரி. இதில் பலனுக்கு ஏற்ற கட்டணம் என்பதற்குப் பதிலாக ஒரு சிறப்பு வரி, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆனால் மண்டலத்தில் பதிவான வாக்காளர் 12 பேருக்குக் குறைவாக இருந்தால் நிலத்துக்காரர்கள் ஏக்கர் கணக்கில் வாக்களிக்கலாம். என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெறும் நிலமாக இருக்கும்போதே வீடு கட்டி விற்கிற நிறுவனம் ஒன்றுமட்டும் வாக்களித்து மண்டலத்தை அமைத்துவிடும், பிறகு வீடு வாங்கி வருகிற குடும்பங்கள் பல வருஷம் கட்டிக்கொண்டிருப்பார்கள். சட்டப்படி சரிதான். இருந்தாலும், கட்டப்போகிறவர் இல்லாத இடத்தில் எடுத்த முடிவு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

உங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு ஆலோசனை. சராசரியைச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு மனைக்காரர் கையிலும் ஒரு தாள் கொடுங்கள்: உங்கள் மொத்தப் பங்கு இவ்வளவு, ஒரேயடியாகக் கட்டினால் இவ்வளவு, தவணையில் வருஷத்துக்கு இவ்வளவு, இத்தனை வருஷம், வீட்டை விற்றால் இப்படி. நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் அழகான வண்ணப் படம் மட்டும் மாட்டியிருந்தார்கள், எல்லோரும் கைதட்டிவிட்டுப் போனார்கள். தனித்தனித் தொகையோடு கடிதம் வந்த வாரத்தில், கைதட்டியவர்களில் பாதிப்பேர் மனுவிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி வந்து நின்றார்கள். எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர்கள் மீது தப்பில்லை.

வேலை முடிந்து உண்மைச் செலவு தெரிந்த பிறகு இறுதிப் பங்குப் பட்டியலுக்கு இன்னொரு விசாரணை நடக்கும். அதில் வெறுமனே அதிகம் அதிகம் என்று பேசினால் எடுபடாது. மதிப்பீட்டாளர் அறிக்கையோடு, எழுத்தில், தேதிக்குள் கொடுத்தவருடைய ஆட்சேபணைதான் நிற்கும். இதை நீங்களே எதிர்ப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். முறையாக ஆட்சேபிக்க வழி காட்டினால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடுகிறது.

இப்போது பாண்ட்

பத்திரத்தை நீங்கள் விற்கப்போவதில்லை, உள்ளாட்சி அல்லது சட்டப்படி அமைந்த மண்டல அமைப்பு விற்கும். வாஷிங்டன் பாணியில் வரிசை இப்படி: இடைக்காலக் கடனில் வேலையை முடிப்பது, இறுதிப் பட்டியலை உறுதி செய்வது, பிறகு 30 நாள் அவகாசம் கொடுப்பது. அந்த 30 நாளுக்குள் முழுப் பங்கையோ ஒரு பகுதியையோ வட்டியில்லாமல் கட்டிவிடலாம். மீதி நிற்கும் தொகைக்குத்தான் பத்திரம். கையில் காசிருப்பவர் முன்கூட்டிக் கட்டினால் பத்திரத்தின் அளவு குறையும், எல்லோருக்கும் நல்லது. சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடம் முன்பணம் திரட்டியபோது நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். மக்கள் பணம் முன்னால் வந்ததால் மீதிக் கடனுக்கு வழி பிறந்தது. வேலைக்கு முன்னாலேயே பத்திரம் விற்கிற இடங்களும் உண்டு. அதில் காண்ட்ராக்டர் செலவு கூடினால் மறுபடி மனைக்காரர்களிடம் போய் நிற்க வேண்டிவரும், அதனால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

இந்தப் பத்திரத்தின் பின்னால் நிற்பது பெரும்பாலும் மனைகளின் தவணை மட்டுமே. உள்ளாட்சி தன் பொது வருமானத்தை ஈடு காட்டுவதில்லை, அதனால்தான் பொதுப் பாண்டைவிட வட்டி அதிகம். தவணை தவறினால் மனையின் மீது பற்று (பாக்கிக்காக மனையைப் பிடிக்கும் உரிமை) இருக்கிறது, வில்லங்கச் சான்று எடுத்தால் தெரியும், கடைசியில் ஏலத்துக்கும் போகலாம். முதலீட்டாளர் இதனால் மூன்று விஷயம் பார்ப்பார். மனைகளின் மதிப்பு கடனைப்போல எத்தனை மடங்கு? மெல்லோ-ரூஸ் சட்டப்படி பொதுவாக மூன்று மடங்காவது இருக்க வேண்டும். ஒரே ஆள் கையில் எவ்வளவு பங்கு இருக்கிறது? பாதிக்கு மேல் ஒருவரிடம் இருந்தால் அவர் கவிழ்ந்தால் பத்திரமும் கவிழும். கட்டிய வீடு எத்தனை, காலி மனை எத்தனை? கடைசிக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1920களில் புளோரிடா போன்ற இடங்களில் வீடே இல்லாத மனைப்பிரிவுகளுக்குச் சாலையும் விளக்கும் போட இப்படிக் கடன் வாங்கிக் குவித்தார்கள், மனை விலை சரிந்தது, பெருமந்தம் வந்தது, தவணை கட்ட ஆளில்லை. அப்படித் தத்தளித்த உள்ளாட்சிகளுக்காகவே 1934ல் அமெரிக்கா நகராட்சித் திவால் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. வருவார்கள், கட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் காலி மனைக்கு இருபது வருஷக் கடன் வாங்கத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தவணைக்கணக்கு இரண்டு விதம். 1 லட்சம், 6 சதவீத வட்டி, 10 வருஷம் என்றால், அசலைச் சமமாகப் பிரிக்கும் முறையில் முதல் வருஷம் 16,000, குறைந்துகொண்டே வந்து கடைசி வருஷம் 10,600, மொத்த வட்டி 33,000. தவணையையே சமமாக வைக்கும் முறையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 13,590, மொத்த வட்டி 36,000க்குச் சற்றுக் குறைவு. அதையே 20 வருஷம் இழுத்தால் தவணை 8,720 அளவுக்கு இறங்கும், ஆனால் வட்டி மட்டும் 74,000ஐத் தாண்டும். தவணை சிறியது என்று சொல்லி நீண்ட காலத்தை விற்பவர்களிடம் இந்தக் கடைசி எண்ணைக் கேளுங்கள். நடுவில் முழுவதையும் அடைத்து வெளியேறும் வசதி பத்திர விதியில் இருக்கிறதா, அதற்கு அபராதம் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சின்ன மண்டலத்துக்குத் தனிப் பத்திரம் கட்டுபடியாகாது, வெளியீட்டுச் செலவே தின்றுவிடும். பல மண்டலங்களை ஒன்றாகக் கட்டி ஒரே பத்திரமாக விற்க வாஷிங்டனில் வழி உண்டு. தமிழ்நாட்டில் 2002-03 வாக்கில் குடிநீர், சுகாதாரக் கூட்டுநிதி மூலம் பல சிறிய உள்ளாட்சிகளின் கடனை இப்படி ஒன்றாகத் திரட்டி விற்றார்கள். ஒரு வங்கிக் கடனே போதும் என்றும் இருக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தியாவில் அகமதாபாத் மாநகராட்சி 1998ல் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமல் 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றது. அது ஊர் முழுவதற்குமான கடன், தெருக் கணக்கு கிடையாது, ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: ஆக்ட்ராய் (ஊருக்குள் வரும் சரக்குக்கு வாங்கிய நுழைவு வரி) வசூலில் ஒரு பகுதியை எஸ்க்ரோ என்ற தனிப் பாதுகாப்புக் கணக்கில் போட்டு, அதிலிருந்து முதலில் கடன் கொடுத்தவருக்கு, பிறகுதான் மற்றதற்கு என்று கட்டிப்போட்டார்கள். உங்கள் மண்டலத்துக்கும் அப்படி ஒரு தனிக் கணக்கு வேண்டும். தவணைப் பணம் உள்ளாட்சியின் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால், சம்பள நெருக்கடி வருகிற மாதம் அது காணாமல் போகும்.

வேலைக்குப் பிறகு

பத்திரம் விற்று வந்த பணம் வேலையைக் கட்டி முடிப்பதற்கு மட்டும்தான். விளக்கு எரிய, வடிகால் தூர் வார, நடைபாதைக் கல் மாற்ற யார் பணம் கொடுப்பது? ஆரம்பத்திலேயே உள்ளாட்சி எழுத்தில் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ஒன்றையும் அதே கூட்டத்திலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

வருமானம் இல்லாத முதியவர்கள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். அவர்களுடைய மனை ஏலத்துக்குப் போவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் பங்கைத் தள்ளிவைத்து, மனை கைமாறும்போது வட்டியோடு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வாஷிங்டன் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் ஊரில் இல்லாவிட்டால், அந்தச் சிலருடைய தவணையை இடைக்காலத்தில் ஏற்க ஒரு சிறு தொகையைச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம், நாற்பது மனையில் மூன்று பேர் என்றால் பெரிய பாரமில்லை.

வீட்டை விற்கிறவர், மீதித் தவணை இருக்கிறது என்று வாங்குபவரிடம் சொல்லியே ஆகவேண்டும். மெல்லோ-ரூஸ் வரிக்கு இதற்கென்றே அறிவிப்புப் படிவம் இருக்கிறது. சட்டம் கேட்காத இடத்திலும் சொல்லிவிடுவதுதான் உசிதம், எப்படியும் வில்லங்கம் பார்க்கும்போது தெரியத்தான் போகிறது, அட்வான்ஸ் வாங்கிய பிறகு தெரிந்தால் பேரமே முறிந்துவிடும்.

வேலையில் பணம் மிஞ்சினால் அது மண்டலத்துக்காரர்களுடையது, அதே பங்கு விகிதத்தில் திரும்பி வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை தனிக் கணக்கின் வரவு செலவைத் தெருவில் ஒட்டச் சொல்லுங்கள். கடைசித் தவணை கட்டியதும் ரசீதோடு நின்றுவிடாமல், பற்று நீங்கியது என்ற சான்றை வாங்கி, அதைப் பத்திரப்பதிவில் ஏற்றி, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிடுங்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் போட்ட பற்றை நீக்க வேண்டும் என்று அலுவலகத்தில் யாருக்கும் தானாக ஞாபகம் வராது.